படகின் ஓட்டையை நீங்கள் மூடிவிட்டுத்தான் வந்தீர்கள்

அன்புள்ள மல்லிகா அப்பாவுக்கு,

உங்கள் பெயரைச் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதவும் வரவில்லை, இப்படியே இருக்கட்டும். நீங்கள் போய் ஐந்து வருஷம் ஆகப் போகிறது. இத்தனை நாள் பேனாவைத் தொடாதவள் இன்றைக்கு என்ன புதிதாக என்று கேட்பீர்கள். முழங்கால் வலியில் தரையில் உட்கார முடிவதில்லை. மல்லிகா வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் துரையின் படகு மூழ்கிய அன்று அதன் அடி ஓட்டையை அடைக்கிற பிளக்கை நீங்கள் போட்டுவிட்டுத்தான் வந்தீர்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து, எதற்கும் ஆகாத காலத்தில் தெரிந்திருக்கிறது.

எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். அந்தப் படகு இப்போது நம் வீட்டு வாசலில் நிற்கிறது.

ஆமாம், அதே படகுதான். நம் ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீடு கட்டப் போகிறார்களாம், தொழிற்சாலை வரப்போகிறதாம், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நம் லயத்து வரிசை வீடுகளில் ஏழு காலி. எனக்கும் வருஷக் கடைசி வரைதான் தவணை. ஸ்டோரைச் சுத்தம் செய்தபோது, பின்னால் தகரக் கொட்டகையில் படகு கிடப்பதை நம் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். நீங்கள் செல்வத்தைப் பார்த்ததில்லை. சுங்கை காடுட்டில் மல்லிகா வேலை செய்கிற தொழிற்சாலைக்குப் போகிற வழியில் ஒரு மோட்டார் பட்டறை இருக்கிறது, அங்கே மெக்கானிக். நல்ல பிள்ளை. ஆனால் உடைந்த சாமானைக் கண்டால் விடமாட்டார், அந்த விஷயத்தில் உங்களை உரித்து வைத்திருக்கிறார். "சும்மா கெடக்குது அத்தை, கேட்டேன், எடுத்துக்கச் சொல்லிட்டாங்க" என்று லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். அவர்கள் இருப்பது மூன்றாவது மாடி. அதனால் என் வாசல்.

அதைச் சரிபண்ணி, போர்ட் டிக்சனில் ஆட்களை ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டப் போகிறாராம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட அந்தச் சனியனை நான் தினமும் விடியலில் வேலைக்குப் போகும்போதும் வெயிலில் திரும்பும்போதும் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது? உங்கள் கதை அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை, மல்லிகாவும் சொல்லியிருக்க மாட்டாள். இரண்டு வாரம் அதன் மேல் துணி காயப்போட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அந்தக் கதையை உங்களுக்கே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நான் இத்தனை காலம் வேறு விதமாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அப்போது துரைக்கு டிரைவர். கடற்கரை பங்களாவில் இருந்த படகும் உங்கள் பொறுப்பு. அது எப்போதும் தள்ளுவண்டியில் கரையில்தான் நிற்கும். மழைத் தண்ணீர் வடிவதற்காக அடியில் இருக்கும் பிளக்கைக் கழற்றி வைத்திருப்பீர்கள். கடலில் இறக்கும்போது அதைத் திருகி மூட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனியின் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று, நீங்கள் சனிக்கிழமையே போய் இறக்கிக் கட்டிவிட்டு மாலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தீர்கள். ஞாயிறு காலையில் துரை விருந்தாளிகளோடு போய் நின்றால், படகின் பின்பக்கம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மீன் பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டு இழுத்துக் கரையேற்றினார்கள். துரை குனிந்து பார்த்தார். ஓட்டை திறந்து கிடந்தது, பிளக் இல்லை. அவ்வளவுதான் விசாரணை.

மறுநாள் காலை பெரட்டில், எல்லோரும் வரிசையில் நிற்கும்போது உங்கள் பெயரைக் கூப்பிட்டு, இனி வண்டிப் பக்கம் போக வேண்டாம், காட்டு வேலைக்குப் போ என்றார்கள். அதற்குப் பிறகு மருந்துத் தோம்பை முதுகில் கட்டிக்கொண்டு களைக்கு மருந்து அடித்தீர்கள். வெள்ளைச் சட்டை போட்டு ஸ்டியரிங் பிடித்த மனுஷர். நீங்கள் யாரிடமும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். தப்பு செய்யாதவன் இப்படியா வாயை மூடிக்கொண்டு போவான் என்று நினைத்தேன்.

போன வாரம் ஒரு நாள் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டுக் கொஞ்சம் கட்டையைச் சாய்க்கலாம் என்று பார்த்தேன். மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார். அன்று அவருக்கு லீவு.

"அத்தை, ஒரு சின்ன உதவி. உள்ள ஒக்காந்து பாக்க ஒரு ஆளு வேணும்."

"நான் என்னத்தப் பாக்கறது மாப்பிள்ள?"

"தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு. ஓட்டையக் கண்டுபிடிக்காம புது இஞ்சின் வச்சா, அதுவும் சேந்து முழுகிரும்லா."

பழைய இஞ்சினைத் தோட்டத்தில் எப்போதோ கழற்றிவிட்டார்கள். அது இருந்த இடத்தில் ஒரு ஆள் குந்தி உட்காரலாம், அதுவும் என்னைப் போல் வற்றிப்போன ஆள். ஸ்டூல் போட்டு ஏறி இறங்கினேன். மாப்பிள்ளை உள்பக்கம் முழுவதும் துணியால் துடைத்துக் காயவைத்திருந்தார். "சுண்ணாம்புத் தூள் மாதிரி ஏதாவது தூவணும் அத்தை, சொட்டு விழுந்தா தடம் தெரியும்" என்றார். சுண்ணாம்பு இல்லை. மல்லிகா விட்டுப்போன முகப்பவுடர் டின் இருந்தது. அதைத் தூவினோம். கல்யாண வீடு மணக்கிற மாதிரி மணந்தது. நீங்கள் இருந்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

அவர் வெளியே குழாயைப் பிடித்துக்கொண்டார். கீழே இருந்து மேலே போக வேண்டுமாம். ஒரு இடத்தில் தண்ணீர் அடித்து, கொஞ்ச நேரம் பொறுத்து, உள்ளே காய்ந்திருந்தால்தான் அடுத்த இடம். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அடித்தால் எது ஓட்டை என்று தெரியாதாம். முதலில் பிளக்.

தன்னிடம் இருந்த ஒரு பிளக்கை மாட்டியிருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு வாய் கசந்தது. டார்ச் லைட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு இருந்தேன். பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது.

"வருதா அத்தை?"

"இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும் மாப்பிள்ள. முட்டிதான் போச்சி."

பிறகு பின்பலகையின் ஓரம், பிறகு திருகாணி போட்ட இடங்கள். ஒவ்வொன்றுக்கும் நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போய்விட்டது. கடைசியில் அந்தக் கால் மாட்டியிருக்கும் இடத்துக்கு வந்தார். உங்களுக்குத் தெரியும், இந்த மாதிரிப் படகில் இஞ்சின் உள்ளே இருக்கும், காற்றாடியைச் சுற்றுகிற கால் மட்டும் பின்பலகைக்கு வெளியே தொங்கும். உள்ளே இருந்து வெளியே போகிற தண்டைச் சுற்றித் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அதில் தண்ணீர் பட்டது. நான் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். தண்டு நுழைகிற துளையிலிருந்து ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. பிறகு பவுடரில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு என் கால் பெருவிரல் வரை வந்துவிட்டது.

"வருது மாப்பிள்ள!" என்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் குழாயை மூடிவிட்டு, அந்த உறையின் வளையத்தைக் கழற்றினார். நான் மெல்ல இறங்கிச் சுற்றி வந்தேன். அவர் கையில் ஏதோ பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இங்க பாருங்க அத்தை, எவனோ கோமாளி வேலை பண்ணி வச்சிருக்கான். கிழிஞ்ச எடத்துல பச்சைப் பாலப் போட்டு ஒட்டியிருக்கான். ரப்பர் தோட்டத்துக்காரன் புத்தி. உள்ள சுத்துற மூட்டுக்குக் கிரீஸ் போடுவாங்க. கிரீஸுக்கு மரத்துப்பால் தாங்குமா? ஊறி ஊறிக் கொழகொழன்னு போயிரும். இதுக்குன்னு வேற ரப்பர் இருக்கு."

நான் அதைக் கையில் வாங்கினேன். வெளிப்பக்கம் காய்ந்து புகை ஏறிய பழுப்பு நிறம். உள்பக்கம் தேய்த்தால் விரலோடு வருகிறது. நடுவில் துணி. பச்சைக் கட்டம் போட்ட கைலித் துணி. அது என் கைலி.

"கோமாளி இல்ல மாப்பிள்ள" என்றேன். "உங்க மாமனாரு."

பாவம், அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துப்போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். நான் படியில் உட்கார்ந்து முழுக்கதையையும் அவரிடம் சொன்னேன். சனிக்கிழமை, பங்களா, பிளக், பெரட்டு எல்லாம். அவர் குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு படக எறக்கினாரு?"

"காலையிலயேன்னு சொன்னாரு. பங்களாவுல சமைக்கிறவரு இவரு செத்த வீட்டுக்கு வந்திருந்தப்பக்கூடச் சொன்னாரு. அன்னிக்கிப் பூரா படகு தண்ணியிலதான் நின்னுச்சி, சாயந்தரம் அதப் பாத்துக்கிட்டே ஒக்காந்து டீ குடிச்சிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாருன்னு."

"அப்புறம் என்ன அத்தை! பிளக் இல்லாம கட்டிப்போட்டா மத்தியானத்துக்குள்ள பின்பக்கம் உக்காந்திருக்கும். சாயந்தரம் வரைக்கும் மெதந்துச்சின்னா பிளக் இருந்திருக்கு. கொஞ்சம் கொஞ்சமா ராத்திரி பூரா ஏறினது இந்த ஒட்டு வழியா வந்த தண்ணி."

"ஆனா துரை பாத்தாரே, ஓட்டை தொறந்து கெடந்துச்சே?"

"மேல இழுத்தவன் மொதல்ல அதத்தான் கழட்டுவான். இல்லாட்டி உள்ள இருக்குற தண்ணி எப்படி வெளிய போவும்? கழட்டி மணல்ல போட்டிருப்பான்."

இவ்வளவுதான். நீங்கள் போட்டீர்களா இல்லையா என்பதற்கு இவ்வளவு சின்னப் பதில். சமையல்காரர் என்னிடம் சொன்னபோது நான் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கேட்டேன், என் மண்டையில் ஏறவில்லை. படகு தெரிந்த ஒரு ஆள் அன்றைக்கு அந்தக் கரையில் இல்லை, பாருங்கள். இருந்த ஒருவர் நீங்கள்தான். உங்களை யாரும் கேட்கவில்லை.

அந்த ஒட்டைப் போட்ட நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உறை கிழிந்துவிட்டது, புதிது வரவழைக்க வேண்டும் என்று துரையிடம் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம். திடீரென்று விருந்தாளிகள் வருகிறார்கள், படகு தயாராக இருக்க வேண்டும். நீங்கள் என்னிடம் வந்து, "கொஞ்சம் பால் கொண்டாறியா? நல்ல கெட்டிப் பாலா" என்றீர்கள். நான் பால் வெட்டுகிற நிரையில் நல்ல மரமாகப் பார்த்து, மரத்தில் மாட்டிய கோப்பைகளிலிருந்து மூன்று மங்குப் பாலைத் தூக்குச்சட்டியில் ஊற்றி, மேலே சோற்றுத் தட்டை வைத்து மூடி, எங்களை மேற்பார்க்கிற மண்டோர் முன்னாலேயே நடந்து வந்தேன். என் பழைய கைலியைக் கிழித்து, பாலில் தோய்த்துத் தோய்த்து அந்த ரப்பரைச் சுற்றினீர்கள். நம் விறகடுப்புக்கு மேலே இரண்டு நாள் தொங்கியது. மல்லிகா ஏதோ விலங்கின் தோல் என்று பயந்தாள். பிறகு மாட்டி, அரை நாள் கடலில் விட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னீர்கள். "ஒரு சொட்டு வரல பாக்கியம். ஒன் பாலு துரை கப்பலயே தாங்குது."

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! ஆயுள் முழுக்க மரத்தைக் கீறி மங்கு மங்காக ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். அது எங்கே போகிறது, என்னவாகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை பார்த்தேன். அதுதான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. ரப்பர் தண்ணீரை விடாது என்பது மட்டும்தான் நம் இருவருக்கும் தெரியும். எண்ணெய் பட்டால் அது கரையும் என்று யார் நமக்குச் சொன்னார்கள்? வேறு ஊர்க்காரனாக இருந்தால் கடையில் ஏதாவது வாங்கி ஒட்டியிருப்பான். நமக்கு எதற்கெடுத்தாலும் பால்.

இனிமேல்தான் எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

படகு மூழ்கிய அந்த வாரம் நான் உங்களிடம் சொன்னேன், "ஒட்டுப் போட்டதச் சொல்லுங்க. எவ்வளவு அக்கறையா வேல செய்யிற ஆளுன்னாவது துரைக்குத் தெரியட்டும்." நீங்கள் என்னைப் பார்த்து, "அந்த ஒட்டப் பத்தி வாயத் தொறந்த, அவ்வளவுதான்" என்று கத்தினீர்கள். நம் கல்யாண வாழ்க்கையில் நீங்கள் சத்தம் போட்டது அது ஒன்றுதான். பிளக்கை மறந்துவிட்ட குற்றம் குறுகுறுக்கிறது, அதனால்தான் இந்தக் கோபம் என்று நான் முடிவு கட்டினேன்.

போன வாரம் படியில் உட்கார்ந்து அந்தப் பிசினைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. படகு மூழ்கியதற்கு முந்திய மாதம்தான் கீழ் லயத்துப் பெண்ணை, மங்கில் உறைந்த கட்டிப்பாலைத் திருடினாள் என்று வேலையை விட்டு நிறுத்தி, வீட்டையும் ஒரு வாரத்தில் காலிபண்ணச் சொன்னார்கள். அவள் சாமான்களை லாரியில் ஏற்றியபோது நாம் இருவரும்தான் பின்னால் நின்று தூக்கிவிட்டோம். ஒட்டைக் காட்டினால், பால் எங்கே இருந்து வந்தது என்று கேட்டிருப்பார்கள். கேட்டால் அடுத்த லாரி நம் வாசலுக்கு வந்திருக்கும்.

அதற்காகவா வாயை மூடிக்கொண்டீர்கள்? எனக்காகவா? அல்லது உங்கள் ஒட்டு தோற்றுப்போனது வெளியே தெரிய வேண்டாம் என்று வெட்கமா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா? என்னிடமாவது ரகசியமாகச் சொல்லியிருக்கலாமே. சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தீர்களா, இல்லை நேரே ஆபீசுக்குப் போய் நான்தான் எடுத்தேன் என்று நிற்பேன் என்று பயந்தீர்களா? நின்றிருப்பேன். என் வாய் உங்களுக்குத் தெரியும்.

உயிரோடு இருக்கும்போது நிற்காவிட்டால் என்ன, இப்போது நிற்கிறேன் என்று மறுநாள் ஆபீசுக்குப் போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். துரைமார் மூன்று பேர் மாறிவிட்டார்கள். பழைய ஆள் என்றால் கணக்கெழுதுகிற பெரிய கிராணி ஒருவர்தான், அவரும் பெட்டியில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மங்குப் பால் நான் எடுத்தது, ஒட்டுப் போட்டது, பிளக் போட்டிருந்தது. அவர் யாருக்கும் திருட்டுப்பட்டம் கட்டுகிற ஆள் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "எந்தப் படகு பாக்கியம்?"

"துரையோட படகு ஐயா. முழுகிச்சே. எங்க வீட்டுக்காரரு பிளக்கு போடலன்னு டிரைவர் வேலய எடுத்தீங்களே."

"அப்படியா நடந்துச்சி? படகு ஒண்ணு இருந்தது ஞாபகம் இருக்கு. ஒன் புருசன ஏன் காட்டு வேலைக்கு மாத்தினாங்கன்னு எனக்கு ஞாபகம் இல்லியே. அவரு கார ஜம்முனு வச்சிருப்பாரு, அதான் ஞாபகம் இருக்கு. பிளக்கா? யாருலா அதெல்லாம் மனசுல வச்சிருக்கப் போறாங்க? போ, போய்ப் படு. மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு."

"பால் எடுத்தது?"

"தோட்டமே போவுது. நீ மூணு மங்குக்கு வந்து நிக்கிற."

திரும்பி வரும் வழியில் காட்டு வேலையை மேற்பார்க்கிற தண்டலைப் பார்த்தேன், அவரிடமும் கேட்டேன். "முழுகிச்சா? இஞ்சின் கெட்டுப்போச்சின்னுல்ல நெனச்சேன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன். உங்கள் சிரிப்பைப் பற்றிச் சொன்னாள். பிளக் என்றதும் விழித்தாள்.

எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ரொம்ப அசதியாக இருந்தது. குழாயடியில் நின்று தண்ணீர் குடித்தேன். ஊர் முழுக்க உங்களைக் கவனமில்லாத மனுஷர் என்று நினைக்கிறது, நான் போய் உங்கள் பெயரைத் துடைத்துவிட வேண்டும் என்று புறப்பட்டவள் நான். ஊரில் ஒருவருக்கும் அது ஞாபகமே இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தக் குற்றத்தை ஒருத்திதான் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அவள் உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். இனிப்பு நீர் வியாதிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சோறு போடும்போதெல்லாம் அவள் முகத்தில் அது இருந்திருக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டிருப்பீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

காட்டு வேலைக்குப் போய் முதல் நாள் திரும்பிய அன்று மாலை, நான் விடாமல் கேட்டேன். "நெசமாவே போட்டீங்களா? அப்ப தண்ணி வானத்துலேர்ந்தா வந்துச்சி?" நீங்கள் பாடம் எழுதிக்கொண்டிருந்த மல்லிகாவின் தலையில் கை வைத்தீர்கள். "எம்புள்ள மேல சத்தியமா போட்டேன்" என்றீர்கள். நான் உங்கள் கையைத் தட்டிவிட்டேன். "பொய்ச் சத்தியத்துக்கு எம்புள்ள தலைதான் கெடச்சுதா?" என்றேன். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், அவளுக்குக் கேட்கும்படியே நான் சொன்னேன். "நீங்க பண்ண சத்தியந்தான் இது. பாத்துக்குங்க."

அதற்குப் பிறகு நீங்கள் அவள் தலையைத் தொட்டு நான் பார்க்கவில்லை. தலை பின்னிவிடச் சொல்லி உங்களிடம் ஓடி வருகிற பிள்ளை. நீங்கள் அம்மாவிடம் போ என்பீர்கள். அவளும் பன்னிரண்டு வயதுப் பெண், புரிந்துகொண்டாள். அப்பா தன் தலையில் பொய் சொன்னார் என்று புரிந்துகொண்டாள். உங்களுக்குக் கொள்ளி வைக்கிற நாளில்கூட அவள் எட்டவே நின்றாள், ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு எப்படி இருக்கும். நான் பார்த்தேன்.

துரை உங்கள் வேலையைத்தான் எடுத்தார். பிள்ளையை எடுத்தது நான்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால், நீங்கள் சரி போகட்டும் விடு என்றுதான் சொல்வீர்கள். எதற்கும் அதைத்தான் சொல்வீர்கள். அதனால் உங்களிடம் கேட்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கேட்க வேண்டியது மல்லிகாவிடம். அவள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தால் நான் எங்கே போவேன் என்று ஐந்து நாளாகத் தூக்கமில்லை. மாப்பிள்ளையிடம், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தியம் செய்ததை அவரிடமும் சொல்லவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் இங்கே வருகிறாள். அசைவம் வேண்டாம், ரசமும் அப்பளமும் போதும் என்றிருக்கிறாள். எனக்கு நேரில் பேச ஆரம்பித்தால் வேறு எதையாவது பேசிவிடுவேன், உங்களுக்குத் தெரியும், கடைசியில் சண்டையில் வந்து நிற்கும். அதனால்தான் எழுதினேன். அவளை என் முன்னால் உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து இதை அப்படியே வாசிக்கப் போகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவையும் விடமாட்டேன். வாசித்து முடித்து, அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் இதை உறையில் போட்டு, நீங்கள் வாரம் தவறாமல் வாசித்த ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்புவேன். அதற்கு முன் தபால் பெட்டிப் பக்கம் போகமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இது அச்சில் வந்திருந்தால், நம் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களை நம்பாமல் உங்களோடு இருந்த உங்கள் மனைவி,
மல்லிகா அம்மா